எலிக் கல்லீரல் சிலைடில் புற்றுநோயின் படிநிலைகளைப் பிரித்தறியும் முறை

கல்லீரல் புற்றை உண்டாக்கும் நச்சுப்பொருளான டைஎத்தில்நைட்ரோசமைனைச் செலுத்திய விஸ்டார் என்ற ஆய்வக இன எலியின் கல்லீரலை முதன்முறை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர்கள், நிறம் மாறிய இடத்தையெல்லாம் புற்று என்று குறித்துவிடுகிறார்கள். இங்கே சேலத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

வேலை சிலைடுக்கு முந்தைய இரவே தொடங்குகிறது. எலி இரவில் இரை தின்னும் பிராணி என்பதால், காலையில் அதன் இயல்பான கல்லீரல் செல்களிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்து வெளிறியிருக்கும். புற்றுக்கு முந்தைய வெளிர்செல் திட்டுகளும் கிளைக்கோஜன் மிகுந்தவையே ஆகையால் கண்ணுக்குத் தப்பிவிடும். விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த திட்டப்படி இரவு உணவை நிறுத்தினால், சுற்றியுள்ள செல்கள் கிளைக்கோஜனை இழக்க, திட்டு மட்டும் தனித்து நிற்கும். இதை மறந்து ஒரு தொகுதி சிலைடுகளோடு மூன்று நாள் போராடியிருக்கிறேன்.

எல்லா எலிகளிலும் அதே மடல்களிலிருந்து திசு எடுத்து, சித்திரை வெயிலில் மேசையில் காத்திருக்க விடாமல் உடனே 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இட்டு, 5 மைக்ரான் தடிமனில் சீவுங்கள்.

பார்க்கும்போது நிறத்தைவிட விளிம்பையே நம்புங்கள். நம்மூர்த் தறியில் பாவின் சில இழைகளுக்கு மட்டும் சாயம் மாறியிருந்தாலும் அவை நேராகவே ஓடும். திட்டும் அப்படித்தான், அதன் செல் வரிசைகள் அண்டை வரிசைகளோடு தடையின்றி இணைகின்றன. பாவில் முடிச்சு விழுந்தால் பக்கத்து இழைகள் வளைந்து நெருங்குவதுபோல், சுற்றியுள்ள வரிசைகள் நசுங்கியிருந்தால் அது முடிச்சுக்கட்டி. இயல்பில் 1 செல் தடிமனுள்ள இந்தச் செல் வரிசைத் தகடுகள் 3 செல்லுக்கு மேல் தடித்து, கரு பெருத்து, செல்பிரிவு மிகுந்து காணப்பட்டால் மட்டுமே புற்று என்று எழுதுங்கள். திட்டு, முடிச்சுக்கட்டி, புற்று என்ற வரிசையில் இந்த மூன்றாம் படியை எல்லாத் திட்டும் எட்டுவதில்லை. நச்சுப்பொருளை நிறுத்தியதும் பல முடிச்சுகள் இயல்பு உருவுக்கே திரும்பிவிடுவதால், திசு எடுத்த வாரத்தைக் குறிக்காத எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

ஐயமிருந்தால் குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியின் நஞ்சுக்கொடி வகைக்கு எதிர்ப்பொருள் சாயமிடுங்கள். எலியில் மாறிய ஒற்றைச் செல்கூடப் பழுப்பாகத் துலங்கும். சுண்டெலிக்கு இது உதவாது. கிடைத்த திட்டுகளைச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள்.

நச்சு பெறாத ஒப்பீட்டு எலிகளிலும் திட்டுகள் வந்தால், விலங்கின் வயதோடு தீவனத்தையும் பாருங்கள்: பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கிலுள்ள அஃப்ளாடாக்சின் பி1 எலிக்கு மிகக் கடுமையான கல்லீரல் புற்றூக்கி.