போர்ட் லூயிஸ் சீன உணவகத்தில் இருவர் சாப்பிட

மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸின் சைனாடவுனில் பெயர்பெற்ற உணவகமொன்றுக்கு இருவராகச் செல்ல விரும்புவோர் மதிய வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அலுவலகங்கள் மூடியபின் தலைநகரம் விரைவிலேயே அடங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் மொத்தமாக வந்து சேரும் என்பதால், பதினொன்றரைக்கே இடம் பிடித்துவிட வேண்டும்.

உடன்வருபவர் எதை உண்ணமாட்டார் என்பதை வழியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. தைப்பூசக் காவடிக்கு விரதமிருப்போர் பத்து நாள்கள் அசைவத்தைத் தொடமாட்டார்கள். சீனப் புத்தாண்டும் ஏறக்குறைய அதே பருவத்தில் வருவதால் இந்தச் சிக்கல் அடிக்கடி நேர்கிறது.

இருவருக்கு ஒரு போல் ராம்வெர்சேயும் (கவிழ்த்த கிண்ணச் சோறு) ஒரு மின் ஃபிரியும் (வதக்கிய நூடுல்ஸ்) வாங்கிப் பகிர்ந்துகொள்வதே என் பரிந்துரை. போல் ராம்வெர்சேக்குக் கிண்ணத்தின் அடியில் பொரித்த முட்டையை வைத்து, அதன்மேல் சாறோடு வதக்கிய கோழியையும் காய்கறிகளையும் பரப்பி, சோற்றை நிரப்பி அழுத்தித் தட்டில் கவிழ்க்கிறார்கள். கிண்ணத்தைத் தூக்கியதும் முட்டை உச்சியில் நிற்க, சாறு சோற்றினுள் மெல்ல இறங்கும். அதைப் பிசைந்துவிடாமல், கரண்டியால் மேலிருந்து கீழாக வெட்டி எடுத்தால் இருவருக்கும் எல்லாம் சமமாகக் கிடைக்கும். மேசையிலுள்ள பூண்டுச் சாறு மின் ஃபிரிக்கு உகந்தது; மிளகாய் விழுதை முதலில் ஓரத்தில் சிறிதளவு வைத்துச் சுவைத்துப் பார்ப்பது நலம்.

சைவ உணவினர் மிகவும் ஏமாறுவது சௌசௌ உருண்டையில்தான். வெளியே காயின் வெளிர்நிறமே தெரிந்தாலும், உள்ளே இறாலோ இறைச்சியோ கலந்திருப்பது வழக்கம். வதக்கிய காய்கறியிலும் சிப்பிச் சாறு, அதாவது ஆய்ஸ்டர் சாஸ், சேர்ந்திருக்கக்கூடும். உருண்டைகள் மிதக்கும் சூப்போ பெரும்பாலும் எலும்பிலிருந்து எடுத்தது. ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், இறால், சிப்பிச் சாறு, எலும்புச் சூப்பு என ஒவ்வொன்றையும் பெயர்சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறைச்சிக்கும் காய்கறிக்கும் வாணலி ஒன்றுதான். காவடி விரதமிருப்பவரை அழைத்துச் செல்வதைவிட, விரதம் முடிந்தபின் ஒருநாள் போவதே முறை.

பட்டியலிலுள்ள விலையில் 15 விழுக்காடு வாட் வரி அடங்கியுள்ளதா என்று உணவுக்குச் சொல்லும்போதே விசாரித்து, கையில் ரொக்கமும் வைத்திருங்கள். சிறிய கடைகள் சில அட்டையை ஏற்பதில்லை.