சுவிட்ச் பெட்டியைத் தொட்டால் ஏன் சுரீரென்றது?

வெள்ளவத்தையில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு கணினிகளை கேபிளால் இணைக்கும், இரும்புப் பெட்டி உள்ள நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று பொருத்தினேன். கேபிள் செருகும்போது விரலில் மெல்லிய அதிர்வு. வெறுங்காலில் நின்றால் நன்றாகவே சுரீரென்றது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மற்றதை வேறொரு பிளக் பொயின்டின் எர்த்திலும் வைத்தேன். 110 வோல்ட் காட்டியது! நமக்கு வருவது 230. ஏறக்குறைய அதில் பாதி. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே நிற்கும். இந்தக் கசிவு சிறியதுதான். ஆனால் உள்ளே காப்பு பழுதானால் முழு 230 வோல்ட்டும் பெட்டியில் ஏறும், யாராவது தொடும்வரை, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் விழாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

குற்றவாளி எக்ஸ்டென்ஷன் கோட். மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டு வயர்தான், எர்த் வயரே இல்லை! தூக்கி எறிந்துவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்தேன். மெயினை நிறுத்தி, சுவரிலேயே 13 அம்பியர் பொயின்ட் போட்டு, எர்த்தையும் சோதித்துக் கொடுத்தார். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினோம், சட்டென்று விழுந்தது. பெட்டியில் இப்போது பூச்சியம்.

அப்புறம் இன்னொன்று: மொட்டைமாடிக் கமராவுக்குப் போகும் லேன் கேபிளும் செம்புதான், மின்னலின் தாக்கம் அதன் வழியாகவும் சுவிட்சுக்கு வரலாம். ஏப்ரல் மாத மாலைகளில் வானம் கறுக்கத் தொடங்கியதுமே பவரோடு அதையும் கழற்றிவிடுகிறேன். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் தொடுவதில்லை.