மொரீசியஸ் – சென்னை: வான்தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

மொரீசியஸிலிருந்து கல்யாணப் புடவைக்கோ பழனிக்கோ சென்னைக்குக் கிளம்புமுன் இணையத்தில் தூரத்தைத் தேடினால் தளத்துக்கொரு எண் வரும். சைன், காஸ் உள்ள கால்குலேட்டர் இருந்தால் பத்து நிமிடத்தில் நாமே கண்டுபிடிக்கலாம்.

1. ஊரின் இடக்குறிகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அல்ல, விமான நிலையத்தின் இடக்குறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் விமான நிலையம் தலைநகர் போர்ட் லூயிஸில் இல்லை; தென்கிழக்கே பிளேசான்ஸில் இருக்கிறது. பிளேசான்ஸ்: தெற்கு 20.43, கிழக்கு 57.68. சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17.

2. தெற்கு என்றால் கழித்தல் குறி, அதாவது -20.43. பலர் சறுக்குவது இங்கேதான். குறியை விட்டால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு மொரீசியஸ் முளைத்துவிடும். விடையும் 2,530 கி.மீ. என்று சுருங்கிவிடும்.

3. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். காஸ் 60 போட்டால் 0.5 வர வேண்டும். -0.95 வந்தால் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருக்கிறது, மாற்றுங்கள்.

4. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: -0.0785. அவற்றின் காஸ்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 22.49-இன் காஸால் மறுபடி பெருக்குங்கள்: 0.8437. இரண்டையும் கூட்டினால் 0.7652. இதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 40.07 டிகிரி.

5. பூமியின் மேல் ஒரு டிகிரி 111.19 கி.மீ. பெருக்கினால் 4,456 கி.மீ. விமானம் போகும் பாதை இதைவிடக் கொஞ்சம் நீளும்.

6. நேரத்துக்கு, மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுங்கள்: 5.24. இது 5 மணி 24 நிமிடம் அல்ல! 0.24-ஐ 60-ஆல் பெருக்கினால் 14 நிமிடம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவதால் அரை மணியும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போய்த் திரும்ப 15 நிமிடமும் சேர்த்தால் ஏறக்குறைய 6 மணி.

காற்றும் உண்டு. ஆனால் இந்த வழி பெரும்பாலும் தெற்கு-வடக்காகப் போவதால் அதன் தாக்கம் குறைவு. ஆஸ்திரேலியாவின் பெர்த் போகிறவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம்: மேலைக்காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இந்தியா நமக்கு ஒன்றரை மணி முன்னால் இருக்கிறது. இரவு 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் மறுநாள் காலை 5.30, டிக்கெட்டைப் பார்த்தால் ஏழரை மணிப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது அதே 6 மணி நாலரையாகத் தெரியும். விமானம் வேகமெடுத்துவிடவில்லை!

நேர் விமானம் கிடைக்காத நாளில் ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கணக்கிடுங்கள். மும்பை வழியாக 4,700, பிறகு 1,030 கி.மீ. துபாய் வழி என்றால் 8,000 கி.மீ.யைத் தாண்டும். விலை மலிவாக இருக்கலாம், ஆனால் அரை மணிக் கூட்டல் இரண்டு முறை வரும். இடையில் காத்திருக்கும் நேரம் வேறு. வடக்கே குட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் தீவைக் குறுக்கே கடந்து பிளேசான்ஸ் வர ஒரு மணிக்கு மேல் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.