ரத்தக்கட்டி வந்துருச்சுன்னு குதிக்கறதுக்கு முந்தி, அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க

போன வாரம் கோயமுத்தூர்ல எங்க லேப்ல புதுசா சேந்த பையன் மைக்ராஸ்கோப் போட்டோவ போன்ல தூக்கிட்டு ஓடியாந்தான். "ஒன்பது எலில ஏழுல கட்டி வந்துருச்சுங்ணா!" மூஞ்சில அத்தனை சந்தோசம். இதே போட்டோவ இதே மாதிரி காட்டிட்டுத் திரிஞ்சவன்தான் நானும், அதனால திட்ட வாய் வரல. அயோர்டா (இதயத்துல இருந்து வர்ற பெரிய தமனி) மாதிரி ரத்தக்குழாய் வீக்கத்த எலி, பன்னில உண்டாக்கிப் பாக்கறப்ப, ரத்தக்கட்டி விசயத்துல நாம பண்ற தப்பத்தான் சொல்றேன்; கிளவுஸ் போடு, லேபிள் ஒட்டுங்கறதெல்லாம் இங்க சொல்லப்போறதில்லீங்க.

குழாய் சுவத்துக்குள்ள உறைஞ்சத லூமன்ல (ரத்தம் ஓடற உள்பாதைல) உறைஞ்சதுன்னு நெனைக்கறது

மனுசனுக்கு வயித்து அயோர்டா வீங்கி அனியூரிசம் ஆச்சுன்னா, ரத்தம் ஓடற பாதையிலயே, சுவர ஒட்டி உள்பக்கமா கட்டி படியும். வீங்குன எடத்துல ஓட்டம் சுழண்டு மந்தமாகுது, பிளேட்லெட் அந்த மந்தமான ஓரத்துல போய் ஒட்டுது, அது மேல ஃபைப்ரின்ங்கற நார் வலை, அதுல சிவப்பணு சிக்குது, பொறவு அடுத்த அடுக்கு. நம்ம பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் அகலமாகற எடத்துல ஓரமா வண்டல் படியறாப்பல.

சுண்டெலில நெறையப் பேர் பண்றது, ரத்த அழுத்தத்த ஏத்தற ஆஞ்சியோடென்சின்-2 ஹார்மோன ஏத்தி வீக்கம் வர வெக்கற மாடல். 2000-ல ஆலன் டாஹர்ட்டி குழு போட்ட பேப்பர்ல இருந்து வந்தது: ரத்தக் கொழுப்பக் கையாள வேண்டிய ஏப்போ-ஈ ஜீன் இல்லாத எலி, தோலுக்கடில சின்ன பம்ப், கிலோவுக்கு நிமிசத்துக்கு 1000 நானோகிராம், 28 நாள். கிட்னி தமனிக்கு மேல அயோர்டா வீங்கும். ஆனா இங்க நடக்கறது வேற கதை. சுவரோட நடு அடுக்கு கிழிஞ்சு, ரத்தம் அந்தக் கிழிசல் வழியா சுவத்துக்குள்ளயே பூந்து, வெளி அடுக்குக்கு அடில தேங்கி உறையுது. வாய்க்கால் காங்கிரீட் வெடிச்சு, தண்ணி அதுக்குப் பின்னால போய்க் கரை உப்பிக்குமே, அது. வண்டல் இல்ல.

இது தெரியாம, ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுத்தா கட்டி சிறுசாகுமான்னு எட்டு மாசம் ஓட்டுனேன், நாப்பது சொச்சம் எலி, பம்ப் செலவு தனி. கடைசில வெளில இருந்து வந்த பெத்தாலஜி மேடம் ஸ்லைட வாங்கி சித்த நேரம் பாத்துட்டு, "லூமன் எங்கீங் தம்பி?"ன்னாங்க. எலாஸ்டின் ஸ்டெய்ன்ல (சுவத்துல இருக்கற எலாஸ்டின் நார கருப்பாக் காட்டற சாயம்) கருப்பு நெளிகோடு வட்டமா வருது, ஒரு எடத்துல அறுந்து ரெண்டு முனையும் வெலகி நிக்குது, கட்டி பூராவும் அந்தக் கோட்டுக்கு வெளிய. நடுவுல லூமன் தொடச்சு வெச்சாப்பல காலி. நான் 'த்ராம்பஸ் ஏரியா', அதாவது ரத்தக்கட்டியோட பரப்புன்னு அளந்த நம்பர் அத்தனையும் கிழிசல்ல தேங்குன ரத்தத்தோட அளவு. மருந்து வேலை செஞ்சுதா இல்லியாங்கறது அப்பறம், கேள்வியே தப்பு. ஒரு மாசம் வெசனத்துல சோறு எறங்கல. இன்னிக்கும் இந்த மாடல்ல 'த்ராம்பஸ்'னு மொட்டையா எழுதிருந்தா எரிச்சலாத்தான் வருது.

எலாஸ்டின் ஸ்டெய்ன மொதல்ல போடுங்க. லூமன்ல கட்டி வேணும்னா, செல்லெல்லாம் நீக்குன கினி பிக் அயோர்டாவ பெரிய எலிக்கு (rat) ஒட்டுற மாடல் இருக்கு. சுண்டெலிதான் வேணும்னா அயோர்டா மேல எலாஸ்டேஸ் (எலாஸ்டின அரிக்கற என்சைம்) தடவி, குடிக்கற தண்ணில பிஏபிஎன் (BAPN, சுவத்து நார் ஒண்ணோட ஒண்ணு பிணையாமத் தடுக்கற கெமிக்கல்) கலக்கற மாடல், அதுலயும் எல்லா எலிக்கும் வராது.

செத்த பொறவு உறைஞ்சது

ராத்திரி செத்த எலிய காலைல அறுத்துட்டு கட்டின்னு எழுதறாங்க. செத்த பொறவு உறைஞ்சது வழவழன்னு ரப்பர் மாதிரி, சுவத்துல ஒட்டாம உருவிட்டு வரும். ஓடற ரத்தத்துல உருவானதுல வெளுப்பும் செவப்புமா வரி மாறி மாறி ஓடும், அதுக்கு ஸான் கோடுன்னு பேரு. எலிய எடுக்கறப்பவே ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கற மருந்து) கலந்த சலைன் விட்டுக் கழுவிருங்க, பாதி கொழப்பம் தீந்துரும்.

ஆணையும் பொண்ணையும் ஒரே குரூப்ல போடறது

போடாதீங்க. ஆண் எலிக்குத்தான் வீக்கம் அதிகமா வரும்.

பன்னி

பன்னிக்கு கழுத்துத் தமனில அனியூரிசம் மாதிரி தெச்சு வெச்ச பை பல சமயம் தானாவே உறைஞ்சு அடைச்சுக்கும். வீக்கத்த அடைக்க உள்ள வெக்கற கம்பிச் சுருளாலதான் (காயில்) அடைச்சுதுன்னு காயில் கம்பெனிக்கு கை தட்டாதீங்க. முயல்ல எலாஸ்டேஸ் வெச்சுப் பண்ணுனது தெறந்தே கெடக்கும், அதுல டெஸ்ட் பண்ணுங்க.

செத்தத கணக்குல விடறது

ஆஞ்சியோடென்சின் குடுத்த மொத பத்து நாளுக்குள்ள சிலது அயோர்டா வெடிச்சே செத்துரும். அதுவும் ரிசல்ட்டுதான். பையன் ஒன்பதுன்னு சொன்னப்பவே கேட்டேன், பம்ப் எத்தனைக்கு வெச்சன்னு. பன்னண்டாம். மீதி மூணு எங்கடான்னா, "ஃப்ரீசர்லங்ணா, இன்னும் அறுக்கல."