நோய் அபாயத்தைச் சரியாக மதிப்பிட்டுச் செயல்படுவது எப்படி?

காசநோயைக் கண்டறியும் எக்ஸ்-ரே பரிசோதனை எளிதில் கிடைத்தும் பலர் ஏன் வரவில்லை என்று 1950களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள், நோய் தமக்கு வரக்கூடும் என்ற எண்ணமும் பரிசோதனையால் பயன் உண்டு என்ற நம்பிக்கையும் சேரும்போது மக்கள் மிக அதிகமாக முன்வருகிறார்கள் என்பதைக் கண்டனர்.

எனவே முதலில், "எனக்கு வராது" என்ற உள்ளுணர்வைச் சோதித்துப் பாருங்கள். தீங்குகள் பிறரைவிடத் தமக்கு நேரும் வாய்ப்பு குறைவு என்றே மக்கள் பொதுவாகக் கருதுவதை, 1980இல் அமெரிக்க உளவியலாளர் நீல் வெயின்ஸ்டீன் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. வயது, குடும்பத்தில் இருந்த நோய்கள், புகைப்பழக்கம், இரத்த அழுத்த அளவு ஆகியவற்றை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும் என்பதால், உடல் நலமாகத் தோன்றுவதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். என் பார்வையில் மிகுந்த கேடு விளைவிக்கும் தவறு இதுவே.

"அபாயம் இருமடங்கு" என்று படித்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். 10,000 பேரில் 1 என்பது 2 ஆவதும், 100 பேரில் 10 என்பது 20 ஆவதும் இருமடங்குதான். ஆனால் இரண்டும் ஒரே அளவு கவலைக்குரியவை அல்ல.

வீட்டில் ஒருவரைப் பரிசோதனைக்கு இணங்கவைக்க வேண்டுமானால், வெறுமனே அச்சுறுத்தாதீர்கள். தம்மால் செய்யக்கூடிய வழி தெரியாத அச்சம் மறுப்பாக மாறக்கூடும். எங்கே, எந்த நாளில், யாருடன் செல்வது என்பதை அவருடன் சேர்ந்தே முடிவுசெய்து, முன்பதிவையும் அப்போதே செய்துவிடுங்கள்.