புல் நுனியும் பூம்பாறையும் ஒரே படத்தில்: கேமராத் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்வது எப்படி?

கேமராவின் பின்புறத் திரையில் எந்தப் படமும் அழகாகத்தான் தெரியும். தூண் பாறை முனையில் எடுத்த படத்தை அங்கேயே பார்த்து மகிழ்ந்துவிட்டு, ஊர் திரும்பிக் கணினியில் திறந்ததும் முகம் சுண்டிப்போவது புதிதாகக் கேமரா வாங்கிய பலருக்கும் நேர்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள்) திரை மூன்று அங்குலம், 10.4 லட்சம் புள்ளிகள் கொண்டது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு பிக்சல். ஆக, திரையில் உள்ளவை சுமார் மூன்றரை லட்சம் பிக்சல்கள். நீங்கள் எடுக்கும் படமோ 2.4 கோடி பிக்சல். ஏறத்தாழ எழுபது பிக்சல்களை ஒன்றாகச் சுருக்கிக் காட்டும் திரையில் சிறு மங்கல் எங்கே தெரியப்போகிறது?

ஆனால், அதே திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. எடுத்து முடித்த பிறகு அதைத் தேடாமல், எடுப்பதற்கு முன்பே பயன்படுத்தினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்குப் பழனி மலையில் ஓர் இடம். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் பூம்பாறைக் காட்சிமுனை. கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள், நெருங்கி நிற்கும் வீடுகள், பின்னால் மலை மடிப்புகள். (2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி இது. திரும்பும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.) நம் காலடியில் சாலையோரப் புல். புல்லும் தெளிவாக வேண்டும், ஊரும் தெளிவாக வேண்டும். கையில் இருப்பது கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கேமராவை அசையாமல் நிறுத்துங்கள்

முக்காலி கட்டாயம். பத்து மடங்கு பெரிதாக்கினால், கையில் பிடித்த கேமராவின் திரையில் ஊரே ஆடும். மலைச் சரிவில் ஒரு காலைச் சரிவின் பக்கம் நீட்டி வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முக்காலியில் இருப்பதை உணர்ந்து தாமாகவே அடங்கும் லென்ஸ்கள் உண்டு. எல்லா லென்ஸும் அப்படியல்ல. ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 100, இரண்டு விநாடி டைமர். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: லைவ் வியூவைப் போடுங்கள்

டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாக ஆட்டோஃபோகஸ் செய்யும்போது, தூரத்தை அளப்பது படம் பதியும் சென்சார் அல்ல. அதற்கென்று தனியாக இன்னொரு சென்சார் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே இம்மியளவு பிசகினாலும் ஃபோகஸ் முன்னோ பின்னோ விழும். காட்சியை நேரடியாகப் பின்புறத் திரையில் காட்டும் லைவ் வியூவில் இந்தத் தொல்லை இல்லை. படம் பதியப்போகும் சென்சாரே திரைக்கும் காட்சியை அனுப்புகிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் எப்போதும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

முழுநேரமும் திரையில் காட்சியைக் காட்டிய டிஎஸ்எல்ஆராக ஒலிம்பஸ் இ-330 வந்தது 2006-இல்தான். மற்ற நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. செகண்ட் ஹேண்டில் பழைய கேமரா தேடுபவர்கள் லைவ் வியூ இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. நிலக்காட்சி எடுப்பவருக்கு அதைவிடப் பயன்படும் வசதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் படி: எதன் மீது ஃபோகஸ் செய்வது?

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். தூரத்து மலையில் ஃபோகஸ் செய்தால் காலடிப் புல் கலங்கும். புல்லில் செய்தால் மலை கலங்கும். இரண்டையும் பிடித்து நிறுத்தும் ஒரு தூரம் உண்டு. அதைக் கணக்கிட்டு அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள். நம் லென்ஸில் 18 மி.மீ., எஃப்/8 (ஒளி நுழையும் துளையான அபர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) என்றால், இந்த லென்ஸோடு வரும் சிறிய சென்சார் கேமராவுக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 2 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்தால் 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும் என்பது கணக்கு. எஃப்/11 வைத்தால் 1.5 மீட்டர் போதும்.

அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண அளவில் அச்சிட்டுச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கும் படத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. இன்றைய கேமராவின் படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் தூரத்து மலை கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். எனவே 2 மீட்டர் என்றால் 3 மீட்டரில் செய்யுங்கள். புல் சற்றே மங்கினாலும் கண் மன்னித்துவிடும்; ஊரும் மலையும் மங்கினால் மன்னிக்காது. கோடநாடு காட்சிமுனை போன்ற இடத்தில் தடுப்பு வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்கு மட்டும்தான் சட்டகத்தில் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். தூரத்துப் பாறை விளிம்பில் நேராக ஃபோகஸ் செய்துவிடலாம்.

நான்காம் படி: பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புங்கள்

1. லென்ஸின் விசையை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள்.

2. அபர்ச்சரை முழுவதும் திறந்து வையுங்கள். இந்த லென்ஸில் அது எஃப்/3.5. அபர்ச்சர் திறந்திருக்கும்போது தெளிவாகத் தெரியும் பகுதி ஒடுங்கிவிடுவதால், ஃபோகஸ் எங்கே விழுகிறது என்பது பளிச்சென்று தெரியும். சில கேமராக்கள் லைவ் வியூவில் தாமாகவே திறந்து காட்டும். சில, நீங்கள் வைத்த அளவிலேயே காட்டும். எதற்கும் நீங்களே திறந்துவிடுங்கள்.

3. திரையில் உள்ள கட்டத்தை நீங்கள் தேர்ந்த இடத்துக்கு நகர்த்தி, பூதக்கண்ணாடிக் குறியுள்ள பொத்தானை அழுத்துங்கள். முதலில் ஐந்து மடங்கு, பிறகு பத்து மடங்கு.

4. ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். தெளிவு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அதைத் தாண்டி மறுபடியும் கலங்கும்வரை போய், பிறகு திரும்பி வாருங்கள். பழைய ரேடியோவில் நிலையம் பிடிப்பதைப் போலத்தான். தாண்டிப் போனால்தான் நடு எது என்று தெரியும்.

பார்ப்பதற்கு விளிம்பு உள்ள பொருளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அருகில் என்றால் கல், மைல்கல், பட்டுப்போன தண்டு. தூரத்தில் என்றால் வீட்டுக் கூரையின் ஓரம், மின்கம்பம். ஆடும் இலையும் மேகமும் உதவாது. விளிம்புகளில் வண்ணக் கோடு போட்டுக் காட்டும் பீக்கிங் வசதி சில கேமராக்களில் உண்டு. இடத்தைத் தேட அது போதும், முடிவெடுக்கப் போதாது.

5. அபர்ச்சரை எஃப்/8 அல்லது எஃப்/11-க்குக் கொண்டுவந்து, படம் எடுங்கள்.

எஃப்/22 வரை போனால் எல்லாமே தெளிவாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதையும் மழுக்கிவிடும். சிறிய சென்சாரில் எஃப்/16-லேயே இது தெரியத் தொடங்குகிறது. முகத்துக்கு அருகில் பூ, பின்னால் மலை என்று இரண்டுமே வேண்டுமானால், இரண்டு ஃபோகஸில் இரண்டு படம் எடுத்துக் கணினியில் இணைப்பதே வழி.

வெயில் திரையில் அடித்தால், தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மஞ்சு வந்தால்

கோக்கர்ஸ் வாக்கிலும் தொட்டபெட்டாவிலும் மஞ்சு ஏறிவிட்டால் ஆட்டோஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். மேனுவலில் இருப்பவருக்குக் கவலையில்லை. பள்ளத்தாக்கு தெளிவாக இருக்கும்போதே ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். மஞ்சு விலகும் நொடியில் பொத்தானை அழுத்தினால் போதும். இடையில் ஜூம் வளையத்தைத் தொட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். தொட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

ஃபோகஸ் வளையத்தை ஒரு முனைவரை திருப்பினால் முடிவிலி (எல்லையற்ற தூரம்) என்று நினைப்பது பரவலான தவறு. பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். தூரத்து மலைக்கும் திரையைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் ஃபோகஸின் மேல் வீண்பழி விழுகிறது. ஒன்று, மஞ்சில் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் படியும் நுண்ணிய நீர்த்துளி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். மற்றொன்று, காற்றில் மிதக்கும் தூசும் ஈரமும். மேலிருந்து பார்க்கும் சமவெளி எவ்வளவு முயன்றாலும் வெளிறித்தான் தெரியும். சமவெளி மங்கலாகவும் நடுவிலுள்ள மரங்கள் கூர்மையாகவும் இருந்தால் உங்கள் ஃபோகஸில் குறையில்லை.

எடுத்த பிறகு

இடத்தைவிட்டு நகருமுன், எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: அடியில் புல், நடுவில் ஊர், மேலே மலைவிளிம்பு. புல் தெளிவாகி மலை கலங்கியிருந்தால் வளையத்தை மயிரிழை தூரத்துப் பக்கம் திருப்புங்கள். மாறியிருந்தால் அருகுப் பக்கம். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால் வளையத்தைத் தொடாதீர்கள். அது காற்றில் முக்காலி அசைந்ததன் விளைவு. படம் பதியும் நேரம் குறைய ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி, காற்று அடங்கியதும் மறுபடி எடுங்கள்.