இன்ஜினுக்குள் கசடு: ஆயில் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு முறை ஒரு காரின் இன்ஜின் மேல்மூடியான வால்வு கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குக் கீழே சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, தார் பூசினாற்போல ஒரு கருப்பு அப்பல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. வண்டிக்காரர் "ஆயில் குறைய விட்டதே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். குறையும்போதெல்லாம் ஊற்றியிருக்கிறார், பழையதை மட்டும் வடிக்கவே இல்லை.

நிறைய பேர் செய்யும் தவறு இது. டாப்-அப் வேறு, ஆயில் மாற்றுவது வேறு. ஆயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை, அழுக்கைக் கழுவ, கழுவிய அழுக்கு ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைக்க, சூட்டில் எண்ணெய் கெடாமல் தடுக்க என்று பல ரசாயனங்களை அதில் கலந்திருப்பார்கள். வண்டி ஓட ஓட அவை செலவாகிக்கொண்டே இருக்கும். அவை தீர்ந்ததும் கரி, எரியாத பெட்ரோல், ஈரம், கெட்டுப்போன எண்ணெய் எல்லாம் சேர்ந்து திரண்டு கசடாகும். மேலே அரை லிட்டர் புதுசு ஊற்றுவதால் கீழே இருக்கும் அழுக்கு எங்கும் போய்விடாது.

அடுத்தது, கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. "வண்டி அதிகம் ஓடவே இல்லை, அதற்குள் எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்களுடைய இன்ஜினில்தான் பல நேரம் கசடு சீக்கிரம் சேர்கிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும், ஆனால் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தினமும் 2 கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் ஆயிலுக்குச் சூடேற நேரமே கிடைக்காது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மேனுவலில் மாதக் கணக்கும் கிலோமீட்டரும் சேர்த்துப் போட்டிருப்பது இதனால்தான். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. குறுகிய தூர ஓட்டம், நெரிசல், தூசி, அதிக பாரம் இதற்கெல்லாம் பல மேனுவல்களில் தனியாக, இன்னும் குறைந்த கெடு இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

நிறத்தை வைத்து முடிவு செய்வதும் தவறு. டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கருத்துவிடும், கரியை அது பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதைவிட ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது. கூடவே கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் இன்ஜினின் இணைப்பை அடைத்திருக்கும் தகட்டை, சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆயிலை மாற்றிவிட்டு ஃபில்டரை அப்படியே விடுவது வீண் சிக்கனம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜினுக்குள் சுற்றும். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு விஷயத்திலும் மேனுவல் சொல்வதையே வாங்குங்கள், தரக் குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள். டர்போ வண்டி என்றால் இதில் சமரசமே வேண்டாம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும், அந்தச் சூட்டில் மட்டமான ஆயில் கருகிப் படிந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது சிவப்பு ஆயில் விளக்கை அலட்சியம் செய்வதுதான். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. சம்ப்பின், அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியின், அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும், கசடு போய் அதை அடைத்துவிட்டால் டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும் மேலே பேரிங்குக்கு ஆயில் ஏறாது. "அளவு சரியாத்தானே இருக்கு, வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் வழியிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். விளக்கு எரிந்ததும் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள், கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.

சரி, கசடு சேர்ந்தே விட்டது, என்ன செய்வது? கசடைக் கரைக்க விற்கும் ஃப்ளஷ் திரவத்தை உடனே ஒரு டப்பா வாங்கி ஊற்றாதீர்கள். கெட்டியாகப் படிந்த இன்ஜினில் கசடு துண்டு துண்டாகப் பெயர்ந்து அதே சல்லடையில் போய் அடைக்கலாம், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டியும் நின்றுவிடலாம். அதிகம் சேர்ந்திருந்தால் சம்ப்பைக் கழற்றி, சல்லடையைக் கையால் சுத்தம் செய்வதுதான் நம்பகமான வழி. லேசாக இருந்தால் சரியான கிரேடு நல்ல ஆயில் ஊற்றி, வழக்கமான கெடுவில் பாதியிலேயே ஃபில்டரோடு சேர்த்து ஓரிரு முறை மாற்றினால் மெல்லக் கரைந்து வரும். அப்படியே இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள், சின்னப் பொருள்தான், ஆனால் அது அடைத்திருந்தால் ஈரமும் புகையும் வெளியேற வழியில்லாமல் கசடு திரும்பவும் சேரும்.

அப்புறம், பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜினை அணைத்து, ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான பழுப்புக் கறை இருந்தால் பரவாயில்லை. விரலால் தொட்டு வழிக்கும் அளவுக்குக் கருப்பாக அப்பியிருந்தால், சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.